ஆடி மொய்யும் சபிஹாவோட தண்ணிப் பக்கமும்

நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு. இந்த நம்பர மனசுல எழுதி வெச்சுக்குங்க. ஒரு ஆடி மாசத்து மத்தியானம், பேராவூரணி கல்யாண மண்டபம் ஒண்ணுல பந்தி நடந்து முடியறதுக்குள்ள, சபிஹாவோட வெப்சைட்ல இருந்த விளம்பரத்த ஜனங்க அத்தன தடவ அமுக்கியிருக்காங்க. அமுக்குனவங்கள்ல ஒருத்தருக்கும் அந்த விளம்பரத்துல இருந்த சாமான் வேண்டியதில்ல. அத்தனயும் பாசம். அந்தப் பாசத்தால சபிஹா பட்ட பாடுதான் இது.

சபிஹாவுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஜெராக்ஸ் கடை. ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஃபேன். ஃபேன் பிரிண்டருக்கு, ஆளுக்கு இல்ல. புருஷன் மூஸா மஸ்கட்டுல சூப்பர் மார்க்கெட்ல வேலை. கடைக்கு வர்றதுல பாதிப் பேரு விவசாயிங்க. சிட்டா எடுக்க வருவாங்க, அடங்கல் எடுக்க வருவாங்க, இன்சூரன்ஸ் எழுத வருவாங்க. வந்தவங்க பிரிண்ட் வர்ற வரைக்கும் சும்மா நிக்கிறதில்ல. போனக் காதுல வெச்சுக்கிட்டு எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேப்பாங்க: தண்ணி எங்க வந்திருக்கு?

பேராவூரணி கடைமடை. கல்லணையில தண்ணி தொறந்த அன்னிக்கு டிவியில பூ தூவறதப் பாக்கலாம், தண்ணியப் பாக்க முடியாது. அது வழியெல்லாம் வயலு நனைச்சு, ஏரி ரொப்பி, நம்ம மடைக்கு வந்து சேரறதுக்குள்ள ஆளு தவிச்சுப் போயிருவான். தண்ணி வருதுன்னு நம்பி விதை நெல்ல ஊறப் போட்டா, தண்ணி வரலன்னா விதை போச்சு. வராதுன்னு சும்மா இருந்தா, வந்த தண்ணி கடலுக்குப் போச்சு. அதனால கடைமடக்காரனுக்கு தண்ணிக்கு அடுத்தபடியா முக்கியமானது தண்ணி பத்தின சேதி. சேதி பொய்யா இருந்தா வயிறு காயும். இதுல வேற விளக்கம் கிடையாது.

பத்துப் பேரு கேக்கறத ஒரே எடத்துல எழுதி வெச்சா என்னன்னு சபிஹா கடை வாசல்ல ஒரு வெள்ளைப் பலகைய மாட்டுச்சு. எந்த வாய்க்கால், எந்த மடை, எத்தன அடி. பலகையப் போட்டோ எடுத்து ஊர் ஊரா அனுப்ப ஆரம்பிச்சாங்க. நேத்து எடுத்த போட்டோ இன்னிக்கு சுத்துச்சு, போன வாரத்துது நாளைக்கும் சுத்துச்சு. பழைய போட்டோவ நம்பி ஒருத்தர் விதைய ஊறப் போட்டுட்டு வந்து கடை வாசல்ல நின்னு திட்டுனாரு. அதுக்கப்புறந்தான் வெப்சைட். ஒரே ஒரு பக்கம். அலங்காரமே கிடையாது. மடை பேரு, அடி, எத்தன மணிக்குப் பாத்தது. அவ்வளவுதான்.

பக்கம் போட்டுட்டா ஆளு வந்துருமா? வராது. கூட்டம் போட்டவங்களக் கேளுங்க, நோட்டீஸ் அடிக்கிறது ஒரு வேலை, அத ஜனங்க கையில சேக்கறது ஒன்பது வேலை. தேடுபொறி கம்பெனிக்காரன் வெப்சைட் வெச்சிருக்கவங்களுக்குன்னே சில கருவி இனாமாக் குடுக்கறான்னு மூஸா கேள்விப்பட்டு போன்ல சொன்னாரு. சபிஹா வீடியோ பாத்து, நிறுத்தி நிறுத்திக் கத்துக்கிச்சு. முதல்ல, இந்தப் பக்கம் உன்னுதுதான்னு காட்டச் சொல்லுச்சு அந்தக் கருவி. அவன் குடுக்கற ஒரு வரி கம்ப்யூட்டர் கோட நம்ம பக்கத்துல ஒட்டணும். ஒட்டுனதும் உன் பேருல ஏறிரும். "பட்டா கெடச்ச மாதிரி இருந்துச்சுங்க"ன்னு சபிஹா மூஸாகிட்ட சொல்லுச்சு.

அதுல ஒரு எடம் இருக்கு. நம்ம பக்கத்துக்கு வந்தவங்க என்னத்த எழுதித் தேடிக்கிட்டு வந்தாங்கன்னு அது காட்டும். யாருன்னு காட்டாது, எழுதுனதக் காட்டும். சபிஹாவுக்கு அதப் பாக்கறதே ஒரு பழக்கமாப் போச்சு. "பேராவூரணி தண்ணி வந்துச்சா"ன்னு எழுதியிருப்பாங்க. "கடைமடை இன்னிக்கு"ன்னு எழுதியிருப்பாங்க. "ஜெராக்ஸ் கடை அக்கா தண்ணி"ன்னு ஒருத்தர். சிங்கப்பூர்லேருந்தும் குவைத்துலேருந்தும் தேடியிருப்பாங்க, எல்லாம் அப்பன் வயலுக்குத் தண்ணி வந்துச்சான்னு பாக்கற புள்ளைங்க. ஒரு நாளு யாரோ, "தண்ணி வரலன்னா என்ன பண்றது"ன்னு எழுதித் தேடி வந்திருந்தாங்க. அந்தக் கேள்விக்கு சபிஹா பக்கத்துல பதில் கிடையாது. இருந்தும் வந்திருக்காங்க. அன்னிக்கு சபிஹா சரியா சாப்பிடல.

ஆளு கூடக் கூட பக்கம் திணறுச்சு. இன்டர்நெட்டுல பக்கத்துக்கு எடம் குடுத்த கம்பெனி, பெரிய எடத்துக்கு மாறு, வாடகை ஏறும்னு சொல்லிட்டான். ஜெராக்ஸ் கடை வருமானத்துல அது ஆகற காரியமில்ல. அப்பத்தான் தியாகராசன் வந்தாரு.

தியாகராசன் போர்வெல் போடறவரு. ரெண்டு வண்டி ஓடுது. ஆளு கெட்டவரு இல்ல. யாரு வீட்டுல சாவுன்னாலும் முதல்ல போய் நிப்பாரு. ஆனா அவரு தொழிலு தண்ணி வராதப்ப ஓடுற தொழிலு. அத அவரும் மறைக்கல. மொத்த வாடகையும் நான் கட்டறேன் தங்கச்சி, நீ எப்பவும் போல நடத்து, பக்கம் மட்டும் என் பேருல இருக்கட்டும்னாரு. தண்ணி வந்த சேதிய ஏத்தறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லிரு, அவ்வளவுதான்னாரு. எதுக்குண்ணேன்னு கேட்டுச்சு சபிஹா. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு:

"ஒரு ரெண்டு நாளு தள்ளி ஏத்துனா யாரு குடி முழுகிரும்?"

வெளையாட்டுக்குத்தான் சொன்னாரு. சபிஹா அத வெளையாட்டா எடுத்துக்கல. யோசிச்சு சொல்றேண்ணேன்னு அனுப்பிட்டு, அன்னிக்கே விளம்பரக் கருவியப் பாக்க உக்காந்துருச்சு. பக்கம் தன் காலுல நிக்கணும். இல்லன்னா தியாகராசன் கையிக்குத்தான் போகணும். நடுவுல வேற வழி இல்லன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு.

விளம்பரக் கருவியும் அதே தேடுபொறி கம்பெனியோடதுதான். புதுசா வந்திருந்துச்சு. ஒரு வரி கோட ஒட்டுனாப் போதும், எந்த எடத்துல எந்த விளம்பரம்னு அதுவே பாத்துப் போட்டுக்கும். யாராச்சும் அத அமுக்குனா விளம்பரம் குடுத்தவன்கிட்டேருந்து காசு புடிச்சு, தான் கொஞ்சம் எடுத்துக்கிட்டு, மிச்சத்த பக்கம் வெச்சிருக்கவங்களுக்குக் குடுக்கும். தரகு தொழிலு, வேற ஒண்ணுமில்ல. பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு மிஷினு படிக்கும். தண்ணி இல்ல, தண்ணி வரலன்னு எழுதியிருந்தா அது யாரு விளம்பரத்தப் போடும்? போர் போடறவன் விளம்பரத்தத்தான் போடும். அதையும் மடை பேருக்கும் அடிக்கும் நடுவுல கொண்டாந்து குந்த வெச்சிருச்சு. ஒரு பெரியவரு போர்க்காரன் நம்பருக்குப் போன் போட்டு, மடையில எத்தன அடின்னு கேட்டிருக்காரு. சபிஹா பதறிப் போய், விளம்பரத்தையெல்லாம் அடியில தள்ளுச்சு. அதுக்கும் கருவியில ஒரு எடம் இருக்கு, தேடிக் கண்டுபுடிச்சுக்கிச்சு. வருமானம் பொட்டுப் பொட்டா வந்துச்சு. ஆனா வந்துச்சு.

இந்த எடத்துலதான் நாகம்மாள் உள்ள வர்றாங்க. நாகம்மாள் நடவு செட்டுத் தலைவி. இருவது பொம்பளைங்கள வெச்சு நடவு எடுத்துச் செய்யறவங்க. தண்ணி வந்தாத்தான் அவங்களுக்கும் வேலை, அதனால தெனம் கடையில ஆஜர். ஸ்கிரீன்ல என்ன படம்னு கேட்டாங்க. சபிஹா சூது வாது இல்லாம வெளக்குச்சு. யாராச்சும் இதத் தொட்டா நமக்கு ஏதோ வரும்கா, பக்கம் நடத்தறதுக்கு ஆகும்னு.

நாகம்மாள் கொஞ்ச நேரம் பாத்தாங்க. "அப்ப இது மொய்தானே தாயி"ன்னாங்க.

இல்லக்கா, வேணுங்கறவங்கதான் தொடணும்னு சபிஹா சொல்லிப் பாத்துச்சு. நாகம்மாள் காதுல ஏறல. வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது, சொல்லிடறேன். பேராவூரணிப் பக்கம் ஆடி ஆவணியில மொய் விருந்துன்னு ஒண்ணு நடக்கும். கல்யாணம் காதுகுத்து எதுவும் வேணாம். நாலஞ்சு பேரு சேந்து பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவாங்க. அந்தக் காசுல ஒருத்தன் கடை வெப்பான், ஒருத்தன் கடன அடைப்பான், ஒருத்தன் புள்ளைய காலேஜ்ல சேப்பான். நாளைக்கு மத்தவன் வெச்சா இவன் கூடப் போட்டுத் திருப்பிச் செய்யணும். செய்யலன்னா அவன் மொகத்துல யாரும் முழிக்க மாட்டாங்க. ஒருத்தர் கஷ்டத்துக்கு ஊரே ஆளுக்குக் கொஞ்சம் தூக்கறதுங்கறது இங்க ரத்தத்துல ஊறுன பழக்கம். அப்படிப்பட்ட ஊருகிட்ட போய், ஆளுக்கு ஒருக்கா தொட்டா பக்கம் நிக்கும்னு சொன்னா என்ன நடக்கும்?

நடந்துச்சு. அமிர்தலிங்கம்னு பூவரசங்காட்டு விவசாயி. கடைசி மடைக்குப் பக்கத்து வயலு அவருது. சபிஹாவுக்கு மடை சேதி சொல்றவரு அவருதான். அவரும் இன்னும் நாலு பேரும் சேந்து அந்த ஆடியில மொய் விருந்து வெச்சாங்க. சபிஹா காலையிலயே போய் மொய் எழுதிட்டு, கடையப் பாக்கணும்னு திரும்பி வந்துருச்சு. மத்தியானம் கம்ப்யூட்டர்ல பாக்குது, பக்கத்துல ஆளு மேல ஆளு ஏறுது. நூறு, இருநூறு, நிக்கல. தண்ணிதான் வந்துருச்சுன்னு நெனச்சு, அமிர்தலிங்கத்துக்குப் போன் போட்டுச்சு. அந்தப் பக்கம் ஒரே மைக் சத்தம். தண்ணியாண்ணேன்னு இது கத்த, தண்ணி பாட்டில் எல்லாருக்கும் குடுத்தாச்சு தாயின்னு அவரு கத்த, லைன் கட்டாயிருச்சு.

மைக்குல என்ன ஓடுச்சுன்னு பெறகுதான் தெரிஞ்சுது. நாகம்மாள் மைக் புடிக்கிறவன்கிட்ட சொல்லி வெச்சிருக்காங்க. நமக்கெல்லாம் தண்ணி சேதி சொல்ற சபிஹா பக்கத்துக்கு எல்லாரும் ஒரு அமுக்கு மொய் வெச்சுட்டுக் கை கழுவுங்கன்னு அவன் அறிவிச்சிருக்கான். எல போட்டு சோறு வர்ற வரைக்கும் என்ன வேலை? எல்லாரும் போன எடுத்தாங்க. போன் இல்லாதவங்க பக்கத்தெலைக்காரன் போன்ல வெச்சாங்க. ஒரு அமுக்கு மரியாதையா இருக்குமான்னு ஒருத்தரு இருவத்தொண்ணு வெச்சாரு. சம்பந்தி இருவத்தொண்ணு வெச்சத பாத்துட்டு இன்னொருத்தரு அம்பத்தொண்ணு வெச்சாரு. மைக்குக்காரன் அதையும் பேரு சொல்லி வாசிச்சான்.

மறுநாளு காலையில கம்பெனி மெயில் வந்துச்சு. உங்க பக்கத்துல செல்லாத கிளிக் நடந்திருக்கு, உங்க விளம்பரக் கணக்க மூடிட்டோம், ஏதாச்சும் சொல்லணும்னா இதுல எழுதலாம்னு. நாகம்மாள்கிட்ட அதப் படிச்சுக் காட்டுனப்ப, அவங்களுக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. "எங்க மொய் செல்லாதுன்னு சொல்ல அவன் யாரு? அவன் வீட்டுல விசேஷம் வெப்பானா இல்லையா?"

மஸ்கட்டுலேருந்து மூஸா யோசனை சொன்னாரு. யாரோ எதிரி வேணும்னே பண்ணிட்டான்னு எழுதிரு, எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்களாம், அப்பத்தான் தொறந்து விடுவானாம்னு.

"எதிரின்னு யார எழுதறதுங்க? நாகம்மாக்காவையா?"

சபிஹா உள்ளத உள்ளபடி எழுதுச்சு. இது எங்க ஊரு வழக்கம், கஷ்டத்துல இருக்கவங்களுக்கு எல்லாரும் சேந்து கொஞ்சம் கொஞ்சம் வெப்பாங்க, தப்புன்னு அவங்களுக்குத் தெரியாது, வெளக்கிச் சொல்லாதது என் தப்புன்னு. பதில் வந்துச்சு. கணக்கு மூடுனது மூடுனதுதான். நல்லா எழுதியிருந்துச்சுன்னு நாலு வார்த்தை சேத்து எழுதக்கூட அந்தப் பக்கம் ஆளு இல்ல.

தியாகராசன் அதுக்கப்புறம் வந்தாரு. இந்தத் தடவ சிரிப்பு இல்ல. கடையில அமிர்தலிங்கம் இருந்தாரு, நாகம்மாள் இருந்தாங்க, இன்சூரன்ஸ் எழுத வந்தவங்க நாலு பேரு இருந்தாங்க. தியாகராசன் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு. பந்தியில அமுக்குனதெல்லாம் பாதிக்கு மேல அவரு போர் விளம்பரமாம். ஒவ்வொரு அமுக்குக்கும் அவரு கணக்குலேருந்து காசு போயிருக்காம். மாசத்துக்குப் போட்டு வெச்சிருந்தது ஒரு பந்தியில காலியாம்.

"ஊரே உனக்கு மொய் வெச்சுச்சு தங்கச்சி. ஆனா வெச்சது யாரு காசு? என் காசு. அப்ப நீ திருப்பிச் செய்ய வேண்டியது எனக்கு."

அவரு சொன்னது அந்த ஊரு நியாயப்படி நியாயம். அமிர்தலிங்கம் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு, நடந்தது அவரு வெச்ச விருந்துல. காசு வேணாம் தங்கச்சி, பக்கத்த என் பேருக்கு மாத்திக் குடு, மொய் நேராயிரும்னாரு தியாகராசன்.

சபிஹா வீராப்பெல்லாம் பேசல. வாங்குன மொய்ய இல்லன்னு சொல்ற சாதியில்ல அது. பக்கத்தக் குடுத்துத்தான் ஆகணும்போலன்னு மனசுக்குள்ள முடிவே பண்ணிருச்சு. பண்ணிட்டு, எத்தன அமுக்கு யாரு கணக்குல போச்சுன்னு சரியாப் பாக்கலாம்னு கணக்கு மூடுனதச் சொன்ன அந்த மெயில மறுபடி தொறந்துச்சு. முதல் தடவ படிச்சப்ப மூடிட்டோம்ங்கற வரியோட கண்ணு கலங்கி நிறுத்திருச்சு. கீழ இன்னும் இருந்துச்சு. செல்லாத கிளிக்குக்குப் புடிச்ச காச முடிஞ்ச வரைக்கும் விளம்பரம் குடுத்தவங்களுக்கே திருப்பி வரவு வெப்போம்னு போட்டிருந்தான்.

"அண்ணே, உங்க விளம்பரக் கணக்கு போன்ல தொறக்குமா?"

தொறக்கும், ஆனா அவரு தொறந்ததே இல்ல. தஞ்சாவூர்ல ஒருத்தன்கிட்ட விட்டிருந்தாரு. அவன் காசு தீந்துச்சுன்னு சொல்லுவான், இவரு போடுவாரு. பாஸ்வேர்டு அவன்கிட்ட போன் போட்டு வாங்கி, எல்லாரும் பாக்க சபிஹா கம்ப்யூட்டர்ல தொறந்துச்சு. வரவு பக்கத்துல கெடக்குது: செல்லாத கிளிக், திருப்பியாச்சு. தியாகராசன் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டு தரம் படிச்சாரு. போனது பூரா வந்திருந்துச்சு.

"உங்க மொய் நேராயிருச்சுண்ணே"ன்னு சபிஹா சொல்லுச்சு.

அமிர்தலிங்கம் மூச்ச விட்டாரு. நாகம்மாள் முந்தானைய உதறிக்கிட்டு, "ஒரு விருந்துக்கு வந்து எல்லா மொய்யையும் திருப்பி எடுத்துக்கிட்டுப் போற ஆள இப்பத்தான் பாக்கறேன்"னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. தியாகராசனும் சிரிச்சுட்டாரு. சிரிச்சு முடிச்சுட்டு, கொஞ்சம் சுருங்குன மாதிரி கேட்டாரு, இத்தன பேரு அமுக்கியும் ஒருத்தன்கூட போர் போடணும்னு எனக்குப் போன் பண்ணலயே தங்கச்சின்னு. சபிஹா டீ சொல்லுச்சு.

கணக்கு மூடுனது மூடுனதுதானே, பக்கம் எப்படி நிக்கும்? அந்த டீயிலதான் அது முடிவாச்சு. நடுவுல மிஷினு எதுக்கு, நம்ம ஊரு விளம்பரத்த நாமளே போட்டுக்கலாம்னு சபிஹா சொல்லுச்சு. பக்கத்துக்கு அடியில கட்டம் கட்டமா. எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே வாடகை. தண்ணி சேதிக்குப் பக்கத்துல எவனும் வரக்கூடாது. வாய்க்கால்ல தண்ணி விடற காலம் முடியற வரைக்கும் போர் விளம்பரம் கிடையாது. அப்ப என்னைய ஒதுக்கறியான்னு தியாகராசன் கேட்டாரு. உங்களுக்கு மோட்டார் காயில் கட்டற கடை இருக்குல்லண்ணே, அதப் போடுங்கன்னுச்சு. மொனகிக்கிட்டே சரின்னாரு. முதல் கட்டம் நாகம்மாளோடது: நடவுக்கு ஆள் வேணுமா, கூப்புடுங்க. இதையும் ஜனங்க அமுக்கணுமான்னு அமிர்தலிங்கம் பயந்துக்கிட்டே கேட்டாரு. ஒண்ணையும் அமுக்க வேணாம், வேலை இருந்தா போன் பண்ணுங்கன்னு கட்டத்துக்கு மேலயே கொட்டை எழுத்துல போட்டுருச்சு சபிஹா. டீக்கடை வந்துச்சு, மண்டபத்துக்காரரு வந்தாரு, வெதைக் கடை வந்துச்சு. பக்கத்த பெரிய எடத்துக்கு மாத்தற அளவுக்குக் காசு வந்துச்சு. பக்கம் சபிஹா பேருலயே இருக்கு.

ஆவணி பொறந்து ஒரு காலையில கடை சட்டரத் தூக்கறப்பவே போன் அடிச்சுது. தியாகராசன். பூவரசங்காட்டுல ஒருத்தருக்கு போர் போட வண்டியோட போயிக்கிட்டிருந்தவரு, மடைப் பாலத்துல வண்டிய நிறுத்திட்டுக் கூப்புட்டிருக்காரு. பின்னாடி தண்ணி விழுகிற சத்தம் சபிஹாவுக்கே கேட்டுச்சு.

"தண்ணி வந்துருச்சு தங்கச்சி. இன்னிக்கு எனக்குப் பொழப்பு போச்சு. ஏத்து."

எத்தன அடிண்ணேன்னு கேட்டுச்சு. மேலேருந்து பாத்தா எப்படித் தெரியும்னாரு. எறங்கி அளங்கண்ணே, அளவு இல்லாம நான் ஏத்த மாட்டேன்னுச்சு. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்குற சத்தம், கூட வந்தவன அவரு வையற சத்தம், தண்ணியில காலு விழுந்த சத்தம். டேப்பப் புடிச்சு ரெண்டு தரம் அளந்து சொன்னாரு. சபிஹா நின்ன நெலையிலயே கம்ப்யூட்டரத் தட்டி எழுதுச்சு.

பூவரசங்காடு, கடைசி மடை: ஒண்ணேகால் அடி.